பில் கட்டியது யார்?

ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். ஏ.சி. மண்டபம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பூ அலங்காரம். இலையில் இருபத்தேழு ஐட்டம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில், பக்கத்தில் நிற்பவரிடம் மெதுவாகக் கேட்பீர்கள்: 'பொண்ணோட அப்பா என்ன பண்றாரு? இவ்வளவு பணம் எங்கேருந்து?'

கேட்காதவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்!

ஆனால் இதே நாம் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் அந்தக் கேள்வியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். அரண்மனையை அண்ணாந்து பார்க்கிறோம். போட்டோ எடுக்கிறோம். 'யார் கட்டினது?' என்று கேட்போம். கைடு ஒரு ராஜா பேரைச் சொல்வார். தலையாட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவோம். பில்லை யார் கட்டினது என்று கேட்பதில்லை.

பிரஸ்ஸல்ஸில் ஒரு நாள் ஊர் சுற்றியபோது அந்தக் கேள்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

பெல்ஜியத்தின் தலைநகரம். என்னோடு பி.காம். படித்த நண்பன் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறான். 'ஒரே நாள்ல மொத்த ஊரையும் காட்டிடறேன், ஷூவை மட்டும் நல்லதா போட்டுக்கோ' என்று காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான்.

முதலில் கிராண்ட் பிளாஸ். நடுவில் கல் பாவிய சதுக்கம், நாலு பக்கமும் தங்க ரேக்கு மினுங்கும் உயரமான பழைய வீடுகள், ஒரு பக்கம் 96 மீட்டர் கோபுரத்துடன் டவுன்ஹால். 1695 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை பீரங்கியால் சுட்டு இந்த இடத்தைக் கிட்டத்தட்டத் தரைமட்டம் ஆக்கிவிட்டது. பேக்கரிக்காரர்கள், பீர் காய்ச்சுகிறவர்கள், கசாப்புக்காரர்கள், படகோட்டிகள் என்று தொழிலுக்கு ஒரு சங்கம் இருந்த காலம். அவர்கள் தங்கள் சங்க வீடுகளைச் சில வருஷங்களுக்குள் திரும்பவும் எழுப்பிவிட்டார்கள். 1998-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடுத்து மானெகென் பிஸ். ஒரு தெரு முனையில், நின்றபடி ஒண்ணுக்குப் போகும் வெண்கலப் பையன். உயரம் அரை மீட்டர் சொச்சம். அவனைப் பார்க்கக் கூட்டமான கூட்டம்! நம் ஊரில் இதைச் செய்கிறவர்களை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை என்றேன். நண்பன் சிரித்தான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மதியம் அரண்மனைக்குப் பின்பக்கம் 'ட்ரோன்' என்ற மெட்ரோ ஸ்டேஷன் அருகே வந்தோம். குதிரை மேல் பெரிய தாடியுடன் ஒரு ராஜா. இரண்டாம் லியோபோல்ட். 1926-ல் வைத்த சிலை. பீடத்தில் ஒரு சின்னப் பலகை, பிரெஞ்சில். 'என்னடா போட்டிருக்கு?' என்றேன். நண்பன் குனிந்து படித்தான்.

'இந்தச் சிலைக்கான செம்பும் வெள்ளீயமும் காங்கோவிலேருந்து வந்ததாம். அங்க இருந்த சுரங்கக் கம்பெனி இலவசமா கொடுத்துச்சாம்.' நிமிர்ந்தான். 'எட்டு வருஷமா தெனம் இந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். சத்தியமா இதைப் படிச்சதில்லடா.'

இலவசமா? கணக்குப் படித்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பி.காம். முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. ஒரு பக்கம் ஒரு ரூபாய் எழுதினால் இன்னொரு பக்கம் அதே ஒரு ரூபாய் எங்கேயாவது உட்கார்ந்தே ஆகவேண்டும். 'இலவசம்' என்று எழுதினால், வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் கொடுத்தார்கள்? கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

லியோபோல்ட் 1865-ல் பட்டத்துக்கு வந்தவர். சின்ன நாடு, காலனி எதுவும் கிடையாது என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. 1884-85-ல் பெர்லினில் கூடிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவில் யாருக்கு எது என்று பேசி முடித்த சமயத்தில், காங்கோவைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். பெல்ஜியத்துக்காக அல்ல, தனக்காக! பெல்ஜியத்தைப்போல் எழுபத்தைந்து மடங்குக்கும் மேல் பெரிய நிலம் ஒரு தனிமனிதரின் சொத்து. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப்போகிறேன், நாகரிகத்தைக் கொண்டுபோகிறேன் என்றார். வைத்த பெயர், 'காங்கோ சுதந்திர நாடு'. அங்கே அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

1888-ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த சைக்கிள் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் முழுக்க ரப்பருக்குப் பறந்தார்கள். காங்கோவின் காட்டுக்கொடிகளில் ரப்பர் இருந்தது. ஊருக்கு இவ்வளவு கிலோ என்று அளவு வைத்தார்கள். ஆண்கள் காட்டிலிருந்து ரப்பரோடு திரும்புகிறவரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். எதிர்த்த ஊர்களுக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள். சிப்பாய் தோட்டாவை வீணாக்கக் கூடாது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பிணம் என்று ஆதாரம் காட்டவேண்டும். ஆதாரம், வெட்டிய வலது கை. தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிட்டவர்கள் உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தார்கள்.

எங்கள் பாஷையில் அதற்கு வவுச்சர் என்று பெயர். சோறு இறங்காமல் செய்கிற வவுச்சர்.

இது வெளியே தெரிந்த விதம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. எட்மண்ட் மோரெல் என்று ஓர் இளைஞர். லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. காங்கோவுக்கும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் சரக்கு ஏற்றிப்போனது அந்தக் கம்பெனிதான். பிரெஞ்சு தெரியும் என்பதால் மோரெலை அடிக்கடி ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பினார்கள். 1890-களின் கடைசி. அவர் காங்கோவுக்குப் போகவில்லை. கையில் இருந்தது சரக்குக் கணக்கு மட்டும்தான்.

காங்கோவிலிருந்து வரும் கப்பல் நிறைய ரப்பர், யானைத் தந்தம். திரும்பிப் போகும் கப்பலில்? துணியோ பாத்திரமோ உப்போ வியாபாரம் என்று சொல்லும்படி இல்லை. பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா. இவ்வளவு சரக்கு வருகிறதே, பதிலுக்கு எதுவும் போகவில்லையே... அப்படியானால் அந்த மக்கள் எதற்காக வேலை செய்கிறார்கள்? ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். அடித்து வேலை வாங்குகிறார்கள்.

ஒரு குமாஸ்தா, இரண்டு பக்கமும் சமமாகவில்லை என்பதை வைத்தே, பல ஆயிரம் மைல் தள்ளி நடந்த கொடுமையைக் கண்டுபிடித்துவிட்டார். 1901-ல் வேலையை விட்டார். 1904-ல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி காங்கோவில் ஒரு போட்டோ எடுத்தார். என்சாலா என்ற தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து, தன் சின்ன மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். பார்த்தால் மறக்காது.

செத்தவர்கள் எத்தனை பேர்? சிலர் ஒரு கோடி வரை மதிப்பிடுகிறார்கள், சிலர் அதைவிடக் குறைவாக. அந்தக் காலத்தில் காங்கோவில் யாரும் ஆள் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டாவை எண்ணினார்கள், கிலோவை எண்ணினார்கள். மனிதர்களை எண்ணவில்லை.

உலகமே கூச்சல் போட்டதில் 1908-ல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். காங்கோவின் ஆவணங்களை பிரஸ்ஸல்ஸில் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். எட்டு நாள் எரிந்தது! காங்கோவைக் கொடுக்கிறேன், அங்கே நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது என்று தன் உதவியாளரிடம் சொன்னாராம்.

நடுவே சாக்லேட் கடையில் நின்றோம். நான் வாங்கவில்லை. பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், விலை அப்படி.

மூன்று மணி வாக்கில் சேங்காந்த்நேர் பூங்கா. பிரெஞ்சில் ஐம்பதாம் ஆண்டு விழா என்று அர்த்தம். 1880-ல் பெல்ஜியத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக அமைத்த பூங்கா. நடுவில் மூன்று வாயில்கள் கொண்ட பிரம்மாண்ட வளைவு, மேலே குதிரைகள் பூட்டிய ரதம். 1880 விழாவுக்குள் வளைவு முடியவில்லை, மரத்தில் செட் போட்டுச் சமாளித்தார்கள். அரசாங்கம் பணம் தரத் தயங்கியது. கடைசியில் 1905-ல் வளைவு எழுந்தது. வேறு சிலர் நன்கொடை கொடுத்ததாகப் பெயர். உண்மையில் பணம் ராஜாவுடையது. ராஜாவுக்குப் பணம் காங்கோவுடையது. 'இதை ஒரு நாள் வெட்டப்பட்ட கைகளின் வளைவு என்று சொல்லப்போகிறார்கள்' என்ற பொருளில் சோஷலிஸ்ட் தலைவர் எமில் வாண்டர்வெல்டே அந்தக் காலத்திலேயே சாடினார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வளைவு அழகாக இருந்தது. சாய்வெயிலில் கல் தேன் நிறத்தில் மின்னியது. என் கை தானாகவே செல்போனை எடுத்தது. நாலு படம் எடுத்தேன். எடுத்துவிட்டுத்தான் சங்கடப்பட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் நண்பன் ஆரம்பித்தான். 'நீ காலையிலேருந்து கணக்குப் பாத்துட்டு இருக்க. எந்த ஊர்ல, எந்த ராஜா சொந்தக் காசுல கட்டினான்? எல்லாத்துலயும் ரத்தம் இருக்கும்டா. அதைப் பாத்தா உலகத்துல ஒரு கட்டடத்தைக்கூட நிம்மதியா பாக்க முடியாது. கல்லு என்ன பாவம் பண்ணுச்சு?'

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சொல்லவில்லை, உடனே தோன்றவும் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கல் பாவம் செய்யவில்லை. செதுக்கிய கொத்தனாரும் செய்யவில்லை. இடித்துத் தள்ளினால் என்சாலாவின் மகள் திரும்பி வரப்போவதில்லை. இடித்த இடத்தில் புல் முளைத்தால் கேள்வி கேட்கவும் ஒன்றும் இருக்காது.

பேசாமல் எழுந்து நடந்து 44-ம் நம்பர் டிராம் பிடித்தோம். காட்டுக்கு நடுவே போகிற அருமையான பாதை. கடைசி நிறுத்தம் டெர்வுரென். அங்கே லியோபோல்ட் கட்டச் சொல்லி, அவர் செத்த பிறகு 1910-ல் திறந்த ஆப்பிரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. 1897-ல் இதே இடத்தில்தான் அவர் காங்கோ கண்காட்சி நடத்தினார். 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, குடிசை போட்டு உட்காரவைத்து, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். வந்த ஜனம் பத்து லட்சத்துக்கும் மேல். குளிரிலும் மழையிலும் காய்ச்சல் கண்டு ஏழு பேர் இறந்துபோனார்கள்.

பல வருஷம் மூடி, மாற்றியமைத்து, 2018 டிசம்பரில் அருங்காட்சியகத்தைத் திரும்பத் திறந்தார்கள். உள்ளே ஒரு நீண்ட சுவர். காங்கோவில் இறந்த பெல்ஜியர்களின் பெயர்கள், 1508 பேர், வரிசையாகப் பொறித்திருக்கிறது. காங்கோ மக்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. சுவரை அவர்கள் இடிக்கவில்லை. ஃப்ரெடி சிம்பா என்ற காங்கோ கலைஞர் எதிரே இருக்கும் ஜன்னல் கண்ணாடிகளில் அந்த ஏழு பேரின் பெயர்களை எழுதியிருக்கிறார். வெயில் அடித்தால் அந்தப் பெயர்கள் நிழலாக எழுந்து 1508 பெயர்கள் மேல் விழும்.

நாங்கள் போனபோது மேகம் மூடிவிட்டது. நிழல் விழவில்லை. காவலர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். காத்திருந்தோம். பத்து நிமிஷம் கழித்து, மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், லேசாக வெயில் வந்தது. மங்கலாக ஒரு பெயர் தெரிந்தது. படித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

நண்பனுக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. ராஜா செய்த தப்பு இரண்டு. ஒன்று, கொன்றது. இன்னொன்று, கணக்கை எரித்தது. முதலாவதில் உங்களுக்கும் எனக்கும் பங்கில்லை, நாம் அப்போது பிறக்கவே இல்லை. இரண்டாவதில் பங்கு இருக்கிறது. வளைவைப் பார்த்து 'ஆஹா' என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரும், எட்டு நாள் எரிந்த அந்த அடுப்பில் இன்னும் ஒரு காகிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறோம். அழகைப் பார்க்கக் கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால் பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடினால் அது பார்த்தது ஆகாது.

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கணக்கு என்பதும் சரியில்லை. சங்கக்காரர்கள் தங்கள் வீடுகளைத் திரும்ப எழுப்பியபோது காங்கோ ரப்பர் என்ற பேச்சே கிடையாது. 'எல்லாத்துலயும் ரத்தம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், எதில் எவ்வளவு என்று பார்க்கிற வேலை மிச்சமாகிவிடும். பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் கணக்கை எரிக்கிற ஒரு வழிதான்.

பெல்ஜியமும் இந்தப் புத்தகத்தைத் தயங்கித் தயங்கித்தான் திறக்கிறது. 2020 ஜூன் 30, காங்கோ விடுதலையின் 60-வது ஆண்டு. மன்னர் ஃபிலிப் காங்கோ அதிபருக்குக் கடிதம் எழுதி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். வருத்தம்தான், மன்னிப்பு இல்லை. நாடாளுமன்றக் குழு ஒன்று இரண்டு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து பேசியது. மன்னிப்புக் கேட்கலாமா என்பதில் உடன்பாடு இல்லாமல் 2022 டிசம்பரில் கலைந்தது. மன்னிப்பு என்று எழுதினால் நஷ்ட ஈடு என்று அடுத்த வரி எழுதவேண்டி வருமோ என்ற பயம். வருத்தத்துக்குப் பணம் கிடையாது. மன்னிப்பு, ஐந்தொகையில் கடன் பக்கம் ஏறிவிடும்!

திரும்பி வரும் டிராமில் இதையெல்லாம் ரொம்பப் பெருமையாக நண்பனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் கேட்டுவிட்டு, என் கையில் இருந்த செல்போனைக் காட்டினான்.

'இதுக்கு பில்லு யாருடா கட்டினா?'

செல்போன் பேட்டரியில் கோபால்ட் என்று ஓர் உலோகம் இருக்கிறது. உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அந்தக் குதிரைச் சிலைக்கு 'இலவசமாக'ச் செம்பு கொடுத்த அதே கடங்கா வட்டாரம். பெரிய கம்பெனிச் சுரங்கங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடப்பாரையும் சாக்குப்பையுமாகக் குழிக்குள் இறங்கும் ஏழைகள். அவர்களில் சிறுவர்களும் உண்டு என்று மனித உரிமை அமைப்புகள் பல வருஷமாகச் சொல்லி வருகின்றன. லியோபோல்டின் வளைவை நான் எதால் படம் பிடித்தேன் பாருங்கள்!

1900-ல் லண்டனில் சைக்கிள் ஓட்டிப் போன குமாஸ்தாவுக்குத் தன் டயரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1904-க்குப் பிறகு, அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகும் ஓட்டினாரே, அவரை? சைக்கிளைத் தூக்கி எறிந்திருக்க வேண்டுமா? அவர் எறியவில்லை. ஆனால் அவரைப்போல் ஆயிரக்கணக்கான பேர் மோரெலின் கூட்டங்களுக்குப் போனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், சத்தம் போட்டார்கள். ராஜா இறங்கி வந்தது அதனால்தான்.

நானும் செல்போனை எறியவில்லை. நீங்களும் எறியமாட்டீர்கள். ஊர் வந்ததும் 'பழசைக் கொடு, புதுசை எடு' ஆஃபர் வந்தது, போகவில்லை. பழைய போனுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டேன். அதிலும் கோபால்ட் இருக்கும், தெரியும். நியாயம் செய்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. கணக்கில் ஒரு சின்ன என்ட்ரி, அவ்வளவுதான்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் வளைவில் நின்றார். 'அடேயப்பா, என்னமா கட்டியிருக்கான் சார்! யாரு, ராஜாவா?'

'உட்காருங்க, சொல்றேன்' என்றேன்.

அரை மணி நேரம் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. கடைசியில் அவர் போனை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார்.